கருணாநிதி கடவுள் மறுப்பாளர் என்றால், கோயில் விஷயங்களில் ஏன் அவ்வளவு ஆர்வம் காட்டினார்? இது முரண்பாடு இல்லையா?

முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. சாமி உண்டா இல்லையா என்பதில் இளவயதில் எடுத்த நிலையை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் முதலமைச்சராக அவர் கோயிலை ஊர்ப் பொதுச்சொத்தாகப் பார்த்தார். அங்கே யார் பூசை செய்யலாம், எந்த மொழியில் பாடலாம் என்பதெல்லாம் அரசுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதுதான் அவர் எண்ணம். பராசக்தி படத்தின் நீதிமன்றக் காட்சியில் 1952இலேயே இதை எழுதிவிட்டார்: கோயிலே வேண்டாம் என்பதல்ல, அது கெட்டவர்கள் கையில் போய்விடக் கூடாது.

முதலில் திருவாரூர் ஆழித்தேர். அவர் படித்து வளர்ந்த ஊர் அது. தேர் 96 அடி உயரம், அலங்காரத்தோடு ஏறக்குறைய 300 டன். 1948க்குப் பிறகு ஓடாமல் நிலையிலேயே நின்றுவிட்டது. அவர் முதல்வராக இருந்தபோது, 1970இல், மறுபடி வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தேரோட்டத்தைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு அந்த பிரேக்கின் அருமை தெரியும். இல்லாவிட்டால் தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டைதான். உருண்டு வரும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டுச் சட்டென்று விலக வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஆள் அடியில் போய்விடுவார். பக்தி இல்லாத ஒருவர் இதைச் செய்ததை வெறும் ஓட்டுக் கணக்கு என்று என்னால் தள்ள முடியவில்லை. வடம் பிடிக்கிற சனத்தைத் தன் சனமாக அவர் நினைத்தார்.

அதே 1970இல்தான் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்திருத்தமும் வந்தது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் நியமனத்தில் ஆகமத்தை, அதாவது கோயில் வழிபாட்டு விதிநூல்களை, மீறக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. சட்டம் இருந்தும் கருவறைக் கதவு திறக்கவில்லை. அடுத்த ஆண்டு பெரியார் மறைந்தார், எல்லாச் சாதியினரும் கருவறைக்குள் போக முடியவில்லையே என்று அவர் நெஞ்சில் தைத்த முள் அப்படியே இருந்தது. 2006இல் கருணாநிதி மறுபடி ஆட்சிக்கு வந்ததும் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை போட்டு, ஆறு பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தார். 206 பேர் படித்து முடித்தார்கள். அப்புறம் வழக்கு, தடை, 2015இல் தீர்ப்பு என்று வருடங்கள் ஓடின. மந்திரமும் பூசை முறையும் கற்றுத் தீட்சையும் வாங்கிய இளைஞர்கள், வேலை இல்லாமல் வயதாகிக்கொண்டு காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 2021 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கொடுத்தது. அதைப் பார்க்கத் தந்தை இல்லை.

சிதம்பரமும் இந்த வரிசையில்தான் வரும். சிவனடியார் ஆறுமுகசாமி அங்கே நடராசர் சன்னதி முன் உள்ள திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடப் போனதற்காக அடிபட்டவர். 2008இல் அரசாணையோடும் போலீஸ் காவலோடும் அவர் ஏறிப் பாடினார். சைவத் திருமுறைக்காக நின்றது நாத்திகரின் அரசு.

எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. ராமர் பாலத்தை வெட்டிக் கப்பல் கால்வாய் போடலாமா என்ற சேது சமுத்திரத் திட்டச் சண்டையில், 2007இல், ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று கேட்டது தேவையே இல்லாத பேச்சு. கட்சி மேடையில் பகுத்தறிவு பேசலாம். முதலமைச்சர் நாற்காலியில் இருப்பவர், கும்பிடுகிறவர்களுக்கும் முதலமைச்சர். இஃப்தார் விருந்தில் அவர் காட்டிய மரியாதையை ராம பக்தர்களும் எதிர்பார்த்ததில் தப்பில்லை. அதே ஆண்டு சத்ய சாய்பாபா கோபாலபுரம் வீட்டுக்கு வந்ததைச் சிலர் குத்திக் காட்டுவார்கள். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வரும் கால்வாயைச் செப்பனிட உதவியவருக்கு நன்றி சொல்வதில் கொள்கை எங்கே கெடுகிறது?

நாத்திகர் தோளில் மங்கல நிறமான மஞ்சள் துண்டு ஏன் என்று கேட்பீர்கள். அதில் பேச ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2015இல், 90 வயதைக் கடந்த பிறகு, கலைஞர் தொலைக்காட்சிக்கு ஒரு தொடர் எழுத உட்கார்ந்தார். எடுத்துக்கொண்ட ஆள் வைணவ ஆச்சாரியர் ராமானுஜர், திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேல் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்னதாகப் போற்றப்படுகிறவர். கருணாநிதி ஏன் ராமானுஜரைத் தேர்ந்தெடுத்தார் என்பதை 1970இன் சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள்.