கைடைப் பார்ப்பதா, தலைப்பைப் பார்ப்பதா?

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, பிஎச்.டி. செய்ய ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையும் வாங்கிவிட்டேன். ஒரு இடத்தில் எனக்குப் பிடித்த தலைப்பு, ஆனால் கைடைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்னொரு இடத்தில் கைடு நல்லவர் என்கிறார்கள், தலைப்பில்தான் மனம் ஒட்டவில்லை. ஐந்து வருடம் உழைத்தும் ரிசல்ட் வராவிட்டால் என்ன செய்வாய் என்று அம்மா வேறு பயப்படுகிறார்.
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கைடைப் பாருங்கள். சேரும்போது எழுதிக் கொடுத்த தலைப்பிலேயே தீசிஸை முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, தலைப்பு போகிற போக்கில் மாறிக்கொண்டேதான் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரே வேதிவினையை நாலு மாதம் திரும்பத் திரும்பப் போட்டேன். சாயங்காலம், கலவையில் என்னென்ன இருக்கிறது என்று புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டை யு.வி. விளக்கில் பிடித்தால், காலையில் போட்ட பொருளின் புள்ளி மட்டும் அதே உயரத்தில் அப்படியே நிற்கும், வினை நடக்கவே இல்லை என்று அர்த்தம். கைடு திட்டவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் லேப் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கரைப்பானில் ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ரிசல்ட் எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்ற ஆய்வு மாணவி குவாசர்கள் என்ற, வெகு தொலைவில் பிரகாசிக்கும் விண்பொருள்களைப் பற்றித்தான் ஆராய வந்தார். கம்பம் நட்டு, கம்பி இழுத்து ரேடியோ தொலைநோக்கியைக் கட்டுவதிலேயே இரண்டு வருடம் போனது. அப்புறம் தொலைநோக்கியின் பதிவு தினமும் சுமார் 30 மீட்டர் காகிதத்தில் ஓடும், அத்தனையையும் கண்ணாலேயே பார்க்க வேண்டும். 1967 ஆகஸ்டில் அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். அதைக் குறுக்கீடு என்று ஒதுக்காமல் அவர் விடாமல் தொடர்ந்ததால்தான் பல்சார் என்ற, சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன் கிடைத்தது. அதுவும் அவருடைய தீசிஸில் பின்னிணைப்பாகத்தான் போனது! 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய கைடுக்குப் போனது, அவருக்கு இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு லேபுக்கும் நேரில் போய், கைடு இல்லாத நேரத்தில் சீனியர்களோடு டீக்கடைக்குப் போங்கள். போன மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், யாராவது பாதியில் விட்டார்களா, ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

பணமா? 2023 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்ந்ததும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் மாதா மாதம் சரியாக வரும் என்று நம்பி வாடகைக்கு வீடு பிடிக்காதீர்கள், கையில் மூன்று மாதச் செலவுக்காவது இருக்கட்டும்.

கேள்வி: தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், சேரும் முன்பே ஆய்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.