முட்டி வலி உள்ள அம்மாவும் குர்சுரா நீர்மூழ்கியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் அக்கா, பள்ளி விடுமுறையில் சென்னை போகும்போது, விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலையும் பார்க்கலாமா, முட்டி வலியோடு அம்மா ஏறுவாரா என்று கேட்டிருந்தீர்கள். நானும் நம்ம ஊர் தோட்டத்துப் பிள்ளைதான், நேராகவே சொல்கிறேன்: அம்மாவை உள்ளே கூட்டிப் போகாதீர்கள். படிக்கட்டைச் சமாளித்தாலும் அறைக்கு அறை வட்டமான இரும்பு வாசல். குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, அப்புறம் மறுகாலை இழுக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் வேறு அவசரப்படுத்துவார்கள். அவர் கடற்கரையில் காற்று வாங்கட்டும், துணைக்கு ஒருவர் இருங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயம் உள்ளே அனுப்புங்கள். 1969இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் ரோந்து போன கப்பல். 91 மீட்டர் நீளம். டார்பிடோ என்ற நீரடிக் குண்டுகளை ஏவும் குழாய்களைப் பார்த்தால் நகரவே மாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை, டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.