டிஜி எத்தனை டிகிரி? – வாசகர் கேள்விகள்

கே: பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் டிஜி (Tg, கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை) 100 டிகிரி செல்சியஸ் என்றால், 100-ல் உருகிவிடுமா?

உருகாது. சாதாரண பாலிஸ்டைரீனில் படிகமே கிடையாது, உருகுவதற்கு என்ன இருக்கிறது? 100-ஐ ஒட்டி விறைப்பு போய் ரப்பர் போல இளகும், அவ்வளவுதான். டிஜி வேறு, உருகுநிலை வேறு.

கே: பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி முறையில் அச்சிட்ட பிடி, வெயிலில் நின்ற காருக்குள் வளைந்துவிட்டது. அச்சில் கோளாறா?

அச்சில் குறையில்லை. பிஎல்ஏவின் டிஜி 60 பக்கம், மூடிய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் டிஜி 105 பக்கம், அதில் அச்சிடுங்கள்.

கே: நைலானை டிஎஸ்சியில் (சூடாக்கும்போது மாதிரி எடுக்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஓட்டினேன். புத்தகத்தில் டிஜி 50 என்று இருக்கிறது, எனக்கு வேறு எண் வருகிறது. எது சரி?

எந்த நைலான்? உலர்த்தினீர்களா? முதல் ஓட்டமா, ஆற்றி மறுபடி சூடாக்கிய இரண்டாவதா? நிமிடத்துக்கு எத்தனை டிகிரி சூடாக்கினீர்கள்? கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. உருகுநிலை போல டிஜி ஓரிடத்தில் நிற்காது. மூலக்கூறுச் சங்கிலிகள் அசைய எடுக்கும் நேரம், நாம் அளக்கும் நேரத்துக்குச் சமமாகும் இடம் அது. சூடாக்கும் வேகத்தைப் பத்து மடங்காக்கினால் 3 முதல் 5 டிகிரி ஏறும். டிஎம்ஏவில் (மாதிரியை அதிரவைத்து விறைப்பை அளக்கும் கருவி) டான் டெல்டா (அதிர்வின் ஆற்றலை மாதிரி விழுங்கும் அளவு) உச்சியை எடுத்தால் இன்னும் 10, 20 கூடும். நைலான் 6-க்கு ஈரம் வேறு. சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து தளர்த்திவிடும். உலர்ந்தபோது 50-ல் இருந்த டிஜி, நன்றாக ஊறினால் அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடும். டிஎஸ்சியில் மாதிரிக் கிண்ணத்துக்குத் துளையிட்ட மூடி போட்டால் முதல் ஓட்டத்திலேயே தண்ணீர் ஆவியாகி, அதனால் வரைபடத்தில் வரும் அகன்ற மேடு, டிஜி காட்டும் படியை மறைக்கும். இரண்டாவது ஓட்டத்தில் உலர்ந்த நைலானின் எண் வரும். இரண்டுமே சரியான எண்கள்தான், ஆனால் ஒரே பொருளின் எண்கள் அல்ல. எப்படி அளந்தீர்கள் என்று சொல்லாத டிஜியை எதனோடும் ஒப்பிட முடியாது. பல வருடமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கே: டிஎஸ்சி வரைபடத்தில் டிஜி படியின் முடிவில் ஒரு சிறு மேடு தெரிகிறது. மாசா?

பெரும்பாலும் மூப்பு. மாதிரி டிஜிக்குச் சற்றுக் கீழே நாள்கணக்கில் கிடந்திருக்கும். டிஜிக்கு 30 டிகிரி மேலே கொண்டுபோய், ஆற்றி, மறுபடி ஓட்டுங்கள், மேடு அடங்கிவிடும். அப்புறம், முதல் ஓட்டத்தின் வரைபடத்தை அழித்துவிடாதீர்கள். மாதிரி எப்படி இருந்தது என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது.

கே: பழைய ஜன்னல் கண்ணாடி வழிந்துதான் அடி தடித்ததா?

இல்லை. அதன் டிஜி ஏறக்குறைய 550. கையால் செய்த காலத்தில் தகடு சீராக வரவில்லை.