வாஷிங்டன் உயிலில் விடுபட்டுப்போன 153 பேர்

கேள்வி: நாங்கள் வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் ஜார்ஜ் வாஷிங்டனின் உயிலையும், 1799இல் அவர் தயாரித்த அடிமைகள் பட்டியலையும் படித்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உயிலில் அடிமைகளுக்கு விடுதலை என்று இருக்கிறது. பட்டியலிலோ ஆட்களை இரண்டு பத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்பத் தலைவர் அவர்தானே, பிறகு ஏன் எல்லோரையும் விடுவிக்க முடியவில்லை? இந்தத் தாள்களை எப்படிப் படிப்பது?

பதில்: சகோதரி, அந்த இரண்டு பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் உயிலில் ஒரு சொற்றொடரை அடிக்கோடிடச் சொல்லுங்கள்: 'என் சொந்த உரிமையில் வைத்திருக்கும்' அடிமைகள். விடுதலை அவர்களுக்கு மட்டும்தான். பட்டியலில் ஜி.டபிள்யூ. (ஜார்ஜ் வாஷிங்டன்) என்று தலைப்பிட்ட பத்தியில் வருபவர்கள் இவர்கள். பக்கத்துப் பத்தியின் தலைப்பு 'டவர்' (dower). இதை வரதட்சணை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரதட்சணை பிறந்த வீட்டிலிருந்து வருவது. இது இறந்துபோன கணவரின் சொத்தில் விதவைக்குக் கிடைத்த பங்கு. அந்தக் கணவர் வாஷிங்டன் அல்ல.

வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ், வர்ஜீனியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 1757இல் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். அதனால் சொத்து சட்டப்படி பிரிந்தது: மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, மீதி இரண்டு குழந்தைகளுக்கு. விதவையின் பங்கு அவருடைய ஆயுள் உள்ளவரை அனுபவிப்பதற்கு மட்டும். நம் பத்திர எழுத்தர்கள் எழுதுவதுபோலச் சொன்னால், ஆயுள் வரை அனுபவிக்கலாம், எவ்விதப் பராதீனமும் செய்யக் கூடாது, அதாவது விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. அவர் காலத்துக்குப் பிறகு அது கஸ்டிஸ் வாரிசுகளிடமே திரும்பிப் போக வேண்டும். அந்தப் பங்கில் நிலத்தோடும் பணத்தோடும் சேர்த்து ஏறத்தாழ 85 மனிதர்களும் இருந்தார்கள். 1705ஆம் ஆண்டின் வர்ஜீனியா சட்டம், வாரிசுரிமை விஷயத்தில், அடிமைகளை நிலம்போன்ற அசையாச் சொத்தாகவே வைத்திருந்தது.

1759 ஜனவரியில் மார்த்தா வாஷிங்டனை மணந்தார். வாஷிங்டனுக்கு அடிமைகள் புதிதல்ல. 11 வயதில் தந்தை இறந்தபோதே 10 பேர் அவர் பங்குக்கு வந்திருந்தார்கள். திருமணத்தால் கஸ்டிஸ் பங்கை நிர்வகிக்கவும் அவர்களுடைய உழைப்பின் பலனை எடுத்துக்கொள்ளவும் உரிமை கிடைத்தது. விற்கவோ விடுவிக்கவோ உரிமை கிடைக்கவில்லை. அதாவது, அவர் குடும்பத் தலைவர்தான். ஆனால் இந்த மனிதர்களின் கடைசி உரிமையாளர் அவரும் இல்லை, மார்த்தாவும் இல்லை.

சரி, 85 பேர் எப்படி 153 ஆனார்கள்? 1799 கணக்கில் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனில் 317 பேர். வாஷிங்டன் பெயரில் 123, விதவைப் பங்கில் 153, மீதி 40 சொச்சம் பேர் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் 1662ஆம் ஆண்டின் வர்ஜீனியா சட்டம்: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தந்தை சுதந்திரமானவரா, அடிமையா, யாருடைய அடிமை என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. தாய் கஸ்டிஸ் பத்தியில் இருந்தால் அவள் பெறும் பிள்ளையும் கஸ்டிஸ் பத்தி. அந்தக் காலத்து உயில்களில் ஒரு பெண்ணின் பெயரை எழுதி, 'அவளும் அவளுடைய இனிவரும் பெருக்கமும்' என்று சேர்த்திருப்பார்கள். கால்நடைக்கு எழுதுவதுபோல இன்னும் பிறக்காத குழந்தைகளையும் எழுதிவைத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்த வரியில் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஆகவே மகள் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால், தந்தையின் பெயரிலிருந்து வரைபடம் போட வேண்டாம்; தாயிடமிருந்து போடட்டும். ஹெர்குலிஸை எடுத்துக்கொள்ளலாம். வாஷிங்டனின் தலைமைச் சமையல்காரர், ஜி.டபிள்யூ. பத்திக்கு உரியவர். மனைவி ஆலிஸ் விதவைப் பங்கு. அதனால் ரிச்மண்ட், ஈவி, டீலியா மூவரும் விதவைப் பங்கு. ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரியில், வாஷிங்டனின் பிறந்தநாளன்றே தப்பிவிட்டார். அதே ஆண்டு மவுண்ட் வெர்னனுக்கு வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப்பின் நாட்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அவருடைய பணியாள் ஹெர்குலிஸின் சின்ன மகளிடம், இனி அப்பாவைப் பார்க்கவே முடியாதே, வருத்தமாக இருக்குமே என்று கேட்டாராம். எனக்குச் சந்தோஷம்தான், அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாளாம் அந்தக் குழந்தை.

பட்டியலில் பெயர், வயதோடு குறிப்புகளுக்கும் இடம் இருக்கும். யாருடைய கணவன் அல்லது மனைவி எங்கே இருக்கிறார் என்பது அங்கே தெரியும். மகள் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நாற்பது ஆண்டுகளாக இரண்டு பத்தி ஆட்களும் ஒன்றாக உழைத்து, ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். வாஷிங்டனுக்கு இது நன்றாகவே தெரியும். கலப்புத் திருமணங்களால் மிகுந்த வேதனை உண்டாகும் என்றும், விதவைப் பங்கினரை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் உயிலிலேயே எழுதினார். தன் பத்திக்காரர்களின் விடுதலையை மார்த்தாவின் மரணம்வரை தள்ளிப்போட்டதற்கு அவர் சொன்ன காரணமும் இதுதான். வில்லியம் லீ என்ற ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும் கொடுத்தார்.

வாஷிங்டன் 1799 டிசம்பர் 14இல் இறந்தார். இப்போது அவர் பத்தியில் மீதியிருந்தவர்களின் சுதந்திரம் ஒரு மூதாட்டியின் சாவோடு கட்டப்பட்டுவிட்டது. ஓராண்டு கழித்து அங்கே போன, அப்போதைய அதிபரின் மனைவி அபிகயில் ஆடம்ஸ், மார்த்தா தன் உயிர் பாதுகாப்பாக இல்லை என்று உணர்வதாக எழுதினார். மார்த்தா காத்திருக்காமல் 1801 ஜனவரி 1 முதல் அவர்களை விடுவித்தார். 1802 மே மாதம் மார்த்தா இறந்ததும் விதவைப் பங்கினரை நான்கு பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். விடுதலை பெற்ற கணவன் ஒரு பக்கம், அடிமையாகவே இருந்த மனைவியும் பிள்ளைகளும் வேறொரு வீட்டில்.

'முடியவில்லை' என்று எழுதுவதா, 'செய்யவில்லை' என்று எழுதுவதா? இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் கையைக் கட்டியது உண்மை. வாரிசுகளுக்கு விலை கொடுத்தால்தான் விதவைப் பங்கினரை விடுவிக்க முடியும். விடுவிக்க வழி தேடி, பண்ணைகளை ஆங்கிலேய விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட 1790களில் வாஷிங்டன் முயன்றார், அது நடக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தை அவர் வேறு விதமாகவும் பயன்படுத்தினார். அப்போது தலைநகரமாக இருந்த ஃபிலடெல்ஃபியாவில், வெளியூர்க்காரரின் அடிமைகள் ஆறு மாதம் தங்கினால் விடுதலை கேட்கலாம். கஸ்டிஸ் அடிமை விடுதலையானால் தான் ஈடு கட்ட வேண்டிவரும் என்று, ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை வெளியே அனுப்பிவைத்தார். அவர்களும் ஊராரும் அறியாதபடி வேறு சாக்குச் சொல்லிச் செய்யும்படி 1791இல் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதினார். இரண்டையும் கட்டுரையில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் கணக்கு தவறும்.

ஓனா ஜட்ஜ் இந்தத் தளையிலிருந்து தன்னைத்தானே அறுத்துக்கொண்டவர். தாயின் பெயர் பெட்டி, கஸ்டிஸ் பங்கில் வந்த தையல்காரி. தந்தை ஒரு வெள்ளைக்காரத் தையல்காரர்; சட்டத்துக்கு அது பொருட்டே அல்ல. மார்த்தாவின் பேத்தி எலிசபெத்துக்குத் திருமணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே 21 அன்று ஃபிலடெல்ஃபியா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறிவிட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் மணம் முடித்துப் பிள்ளை பெற்று 1848இல் இறந்தார். கடைசிவரை சட்டத்தின் கண்ணில் அவர் கஸ்டிஸ் சொத்து. சுதந்திர மண்ணில் பிறந்த அவருடைய பிள்ளைகளும் அப்படித்தான்.

ஒரு வசதி: உயிலின் மூலப்பிரதி உங்கள் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்ட நீதிமன்ற ஆவணங்களில்தான் இருக்கிறது. பட்டியலின் அச்சு வடிவம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

அப்புறம், கட்டுரையை 1801 ஜனவரியோடு முடிக்க வேண்டாம். மார்த்தாவின் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் தன் பங்கில் வந்தவர்களோடு ஆர்லிங்டனில் குடியேறினார். 1857இல் இறந்தபோது, தன் அடிமைகளை ஐந்தாண்டுக்குள் விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர் மருமகன் ராபர்ட் ஈ. லீ, பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் தளபதி. அவகாசத்தை நீட்டிக்க அவர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. டேனியல் கஸ்டிஸ் உயிலில்லாமல் இறந்து 105 ஆண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போரின் நடுவே, லீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மகளின் காலவரிசையில் கடைசியாக வர வேண்டிய தேதி அதுதான்: 1862 டிசம்பர் 29.