எட்டு வகைக் குடிகாரர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலாம் எலிசபெத் ராணி கால இங்கிலாந்தின் ஒழுக்க நூல்களை ரசித்துப் படிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். குடிக்காதே, ஆடாதே, நாடகம் பார்க்காதே. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பிரசங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரசங்கம் செய்பவர் மதுக்கடையில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

அந்தக் கால ஆங்கில எழுத்தாளர் தாமஸ் நாஷ் 1592இல் எழுதிய 'பியர்ஸ் பென்னிலெஸ்' என்ற நூல் குடிகாரர்களை எட்டாகப் பிரிக்கிறது, பெரும்பாலும் மிருகப் பெயர் வைத்து. குரங்கு குதித்துப் பாடி ஆடும். சிங்கம் பாத்திரங்களை வீசும், குத்துவாளால் ஜன்னல் கண்ணாடியை உடைக்கும், பேச்சுக் கொடுத்தவனிடமெல்லாம் சண்டைக்கு நிற்கும். பன்றி தூங்கி வழிந்தபடி இன்னும் கொஞ்சம் குடியும் போர்த்திக்கொள்ளத் துணியும் கேட்கும். செம்மறிக்கு ஒரு சொல் ஒழுங்காக வராது, ஆனாலும் தானே அறிவாளி. ஐந்தாவது ஆள் பாசத்தில் அழுது முத்தம் கொடுப்பவன் (இவரோடு நான் பஸ்ஸில் வந்திருக்கிறேன்). 'மார்ட்டின்' என்பவன் குடித்துக் குடித்தே தெளிந்துவிடுவான். வெள்ளாட்டுக் கிடாவுக்குக் காமம். நரி குடித்தால்தான் பேரத்துக்கு உட்காரும். டச்சுக்காரர்கள் பலர் இப்படித்தானாம்.

அந்தக் குத்து சும்மா வரவில்லை. 1585இலிருந்து ஆங்கிலப் படைகள் நெதர்லாந்தில் ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டன. டச்சுக்காரர்களோடு பழகிய பிறகுதான் இங்கிலாந்தில் மிதமிஞ்சிக் குடிப்பது பெருமையாகிவிட்டது என்கிறார் நாஷ். பழியைப் பக்கத்து வீட்டில் போட்டாயிற்று!

சரி, அவர் யோக்கியரா? அதே 1592இல் எழுத்தாளர் ராபர்ட் கிரீன் இறந்தார். ரைன் ஒயினும் ஊறுகாய் மீனும் அளவில்லாமல் உள்ளே போனதுதான் காரணம் என்று ஊர் பேசியது. அந்த விருந்தில் தானும் இருந்ததாக நாஷே பிற்பாடு எழுதினார். எட்டு வகையையும் இவ்வளவு துல்லியமாக எழுத வேறு எங்கே கற்றிருக்க முடியும்?

அதே காலத்தில் ஒழுக்க நூல் எழுதிய பிலிப் ஸ்டப்ஸ் வேறு ரகம், சிரிக்கவே மாட்டார். ஆனாலும் 1583இல் அவர் எழுதிய நூலில், தேவாலயச் செலவுக்காகச் சபையாரே பீர் காய்ச்சி விற்பதையும், அங்கே அதிகம் செலவழிப்பவனே பெரிய பக்திமான் ஆவதையும் விவரிக்கும் பக்கங்களைத் தவறவிடாதீர்கள். திட்டுகிற வேகத்தில் திருவிழாவையே கண்முன் கொண்டுவந்துவிடுகிறார்.

அப்புறம், 'நாடகம் பார்க்காதே' என்பதை நாஷ் தலையில் கட்டாதீர்கள். 'பியர்ஸ் பென்னிலெஸ்' நூலிலேயே அவர் சொல்கிறார்: மத்தியானத்தில் வேலையில்லாதவன் சூதாடுவான், வேசியிடம் போவான், குடிப்பான், இல்லாவிட்டால் நாடகம் பார்ப்பான். நான்கில் தீமை குறைந்தது நாடகம்தான், போகட்டுமே.