சதாஹரு ஓ: அடித்த காலமும் அணியை நடத்திய காலமும் (கேள்வி பதில்)

கேள்வி: நான் கிரிக்கெட் மட்டும் பார்ப்பவன். இந்த சதாஹரு ஓ யார்? ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: பேஸ்பாலில் பந்தை வேலி தாண்டி அடித்தால் ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரிதான், ஆனால் அதைவிட அரிது. அதை ஜப்பானின் தொழில்முறை லீக்கில் 868 முறை அடித்தவர் இவர். 1940இல் டோக்கியோவில் பிறந்தார். அப்பா சீனாவிலிருந்து வந்தவர், அம்மா ஜப்பானியர். 1959 முதல் 1980 வரை 22 சீசனும் யோமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கே ஆடினார். ஒரு நல்ல கோச் கையில் ஒரு ஆட்டக்காரர் எப்படி மாறுகிறார், அதே ஆள் பிறகு அணியை நடத்தப் போனால் என்ன பாடுபடுகிறார், இரண்டையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் நான் இவரைத்தான் சொல்வேன்.

கேள்வி: முதலில் பிட்ச்சராக, அதாவது பந்து வீசுபவராகத்தான் வந்தாராமே?

பதில்: ஆமாம். 1957 வசந்தகால கோஷியென், அதாவது பள்ளிகளுக்கான தேசியப் போட்டி, வாசேதா ஜிட்சுக்யோ பள்ளிக்குக் கிடைத்தது இவருடைய பந்துவீச்சால். அதே வருடம் தேசிய விளையாட்டு விழாவில் இவரை ஆடவிடவில்லை. ஜப்பான் குடியுரிமை இல்லை என்பது காரணம். அந்த வயதுப் பையனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

ஜயன்ட்ஸில் சேர்ந்ததும் பந்துவீச்சு போதாது என்று முதல் பேஸுக்கு, அதாவது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்தைக் காக்கும் வேலைக்கு, மாற்றினார்கள். கணக்கில் வந்த முதல் 26 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட, அதாவது அடித்து பேஸைச் சேர்ந்ததுகூட, இல்லை. 27ஆவது ஹோம் ரன். ஆனாலும் அந்த சீசன் சராசரி .161தான், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 161 ஹிட் என்ற கணக்கு. அடுத்த இரண்டு வருடமும் 17, 13 ஹோம் ரன். பெரிதாக யாரும் எதிர்பார்க்காத நிலை.

கேள்வி: அந்த ஒற்றைக்கால் நிலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். அது வெறும் ஸ்டைலா?

பதில்: இல்லவே இல்லை, அது ஒரு குறையைச் சரிசெய்யப் பிறந்தது. அதற்கு ஹிரோஷி அராகாவாவிடம் போக வேண்டும். சதாஹரு பள்ளிச் சிறுவனாக இருந்தபோது சுமிதா பக்கம் ஒரு மைதானத்தில் இவரைப் பார்த்தவர் அராகாவா. பையன் இடது கையால் பந்து வீசுகிறான், ஆனால் மட்டையை வலது பக்கம் பிடிக்கிறான். இடது பக்கம் நின்று அடித்துப் பார் என்றார். பையன் அன்றிலிருந்து இடது பக்கம். அதே அராகாவா 1962இல் ஜயன்ட்ஸின் பேட்டிங் கோச்சாக வந்து சேர்ந்தார்.

சதாஹருவிடம் இருந்த சிக்கல் இது: பந்து வரும்போது கைகள் தேவையில்லாமல் ஒருமுறை அசையும். அதனால் மட்டை தாமதமாக வரும். சொல்லிச் சொல்லியும் போகவில்லை. பந்து கையை விட்டு வருமுன்பே முன்காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நில் என்றார் அராகாவா. ஒற்றைக்காலில் நிற்பவன் கையைக் கண்டபடி அசைத்தால் தடுமாறுவான். தப்பை உடம்பே காட்டிக் கொடுத்துவிடும், கோச் கத்த வேண்டியதில்லை. 1962 ஜூலை 1, கவாசாகி மைதானம், எதிரே தையோ அணி. அன்றுதான் ஆட்டத்தில் முதன்முதலாக அப்படி நின்றார், ஹோம் ரனும் அடித்தார். சீசன் முடிவில் 38. அந்த வருடம் தொடங்கி 13 வருடம் லீக்கில் அதிக ஹோம் ரன் இவருடையது.

பயிற்சி அராகாவா வீட்டிலும் நடக்கும். கூரையிலிருந்து நூலில் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு, நிஜ வாளால் வெட்ட வேண்டும். பலத்தைக் காட்டினால் காகிதம் விலகி ஆடும், அவ்வளவுதான். வாளின் விளிம்பும் மணிக்கட்டும் இடுப்பும் ஒரே கோட்டில் வந்தால் மட்டுமே வெட்டுப்படும். ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையும் பழகினார்.

அராகாவா ஆட்டக்காரராக இருந்தபோது பெரிய பேட்டர் அல்ல. ஆனால் அவரைப் போல இன்னொருவர் உடம்பைப் படித்த கோச் அபூர்வம். ஒற்றைக்கால் எல்லோருக்குமான மருந்தும் அல்ல, இந்த ஒருவரின் குறைக்காகச் செய்தது.

கேள்வி: அமெரிக்காவில் ஹாங்க் ஆரன் அடித்த 755 ஹோம் ரனைவிட 868 பெரிதா?

பதில்: இரண்டு லீக்கும் வேறு, ஜப்பான் மைதானங்கள் அன்று சிறியவை. ஒப்பிட வேண்டாம் என்பேன். ஆனால் பிட்ச்சர் நான்கு பந்தை எல்லைக்கு வெளியே போட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்; அப்படி 2,390 முறை போனவர் இவர். அடிக்க வாகான பந்தைக் கொடுக்கவே எதிரணிகள் பயந்தன.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு நேராக மேனேஜரா?

பதில்: 1980இல், 40 வயதில், 30 ஹோம் ரன் அடித்த சீசனோடு நிறுத்திக்கொண்டார். தன் அடி தன்னிடம் இல்லை என்று அவருக்கே பட்டுவிட்டது. பேஸ்பாலில் மேனேஜர் என்றால் ஆட்டத்தை நடத்தும் தலைமைக் கோச். மூன்று வருடம் உதவி மேனேஜர், 1984இலிருந்து மேனேஜர். ஐந்து சீசனில் ஒரே ஒரு லீக் பட்டம், 1987இல். அந்த வருட ஜப்பான் சீரிஸில், அதாவது இரண்டு லீக் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடரில், செய்பு அணியிடம் தோற்றார்கள்.

ஆறாவது ஆட்டத்தை இன்றும் பேசுவார்கள். செய்புவின் அகியாமா நடுக்களத்துக்கு ஒரு சாதாரண ஹிட் அடிக்கிறார். ஜயன்ட்ஸின் குரோமார்ட்டி பந்தை நிதானமாகத் திருப்பி எறிகிறார். முதல் பேஸில் இருந்த செய்புவின் ட்சுஜி அதற்குள் ஓடி ஹோமுக்கே, அதாவது ரன் கிடைக்கும் கடைசி இடத்துக்கே, வந்துவிட்டார். மறுவருடம் சதாஹருவின் பதவி போனது.

கேள்வி: முட்டை எறிந்தார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1995இல் ஃபுகுஓகா டையே ஹாக்ஸ் மேனேஜரானார். பல வருடமாகத் தோற்றுப் பழகிய அணி. 1996 மேயில், ஒசாகாவில் தோற்றுக் கிளம்பும்போது சொந்த ரசிகர்களே அணியின் பஸ் மேல் முட்டை எறிந்தார்கள். அந்த சீசன் கடைசி இடம்.

அவர் விட்டுப் போகவில்லை. ஜோஜிமா, கொகுபோ, இகுச்சி, மட்சுனாகா என்று இளைஞர்கள் தேறும்வரை நிர்வாகமும் பொறுத்திருந்தது. 1999இல் ஜப்பான் சீரிஸ் வென்றார்கள். அந்த அணிக்கு 35 வருடத்துக்குப் பிறகு வந்த கோப்பை! 2003இல் இன்னொன்று. 2006இல் முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கை ஜப்பான் வென்றபோதும் மேனேஜர் இவரே. அதே ஜூலையில் இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, அடுத்த சீசனில் மறுபடி களத்தில்.

கேள்வி: 55 ஹோம் ரன் சாதனையைக் காப்பாற்ற மற்றவர்களை அடிக்கவிடாமல் செய்தாராமே?

பதில்: 1964இல் ஒரே சீசனில் 55 அடித்திருந்தார். 1985இல் எதிரணியின் ராண்டி பாஸ் 54இல் நின்றபோது, கடைசி ஆட்டத்தில் சதாஹருவின் ஜயன்ட்ஸ் அவருக்கு அடிக்கும்படி பந்தே போடவில்லை. 2001இல் டஃபி ரோட்ஸ், 2002இல் அலெக்ஸ் கப்ரேரா இருவரும் 55ஐத் தொட்டபின், ஹாக்ஸ் பிட்ச்சர்களும் அதையே செய்தார்கள். 1985இல் தான் அப்படி உத்தரவிடவில்லை என்று சதாஹரு சொன்னார். இருக்கட்டும். ஆனால் அன்று மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கலாம். பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டவர் அவர், இதைத் தடுத்திருக்க வேண்டும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 2013இல் பாலென்டியன் 60 அடித்து அந்தக் கணக்கை முடித்துவைத்தார்.

கேள்வி: இவரிடம் ஆடியவர்கள் யாராவது மேனேஜர் ஆனார்களா?

பதில்: வரிசையாக. 2008இல் சதாஹரு விலகியதும் ஹாக்ஸுக்கு வந்தது அகியாமா. 1987இல் அந்த ஹிட்டை அடித்தாரே, அவரேதான். பிறகு ஹாக்ஸுக்கு வந்து சதாஹருவின்கீழ் ஆடியவர். 2011, 2014 கோப்பைகள் அவருடையவை. அடுத்து 1999 அணியின் பிட்ச்சர் கூடோ, ஐந்து ஜப்பான் சீரிஸ். 2024இலிருந்து கொகுபோ.