கடிதம்: பொங்கல் பந்திக்கு ஒரு சாலட்

அக்கா, வணக்கம். அரையாண்டு லீவுக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் சொந்தபந்தம் கூடும். 12 பேருக்குக் குறையாது. போன வருஷம் ஒரு வீடியோவைப் பார்த்து ‘வின்டர் சாலட்’ செய்தேன். அதில் சொன்ன கேல் கீரையும் கிரான்பெர்ரியும் இங்கே கிடைக்கவில்லை. கேரட், பீட்ரூட், வெள்ளரி, கொய்யா போட்டுச் சமாளித்தேன். இலை போடும் நேரத்தில் பார்த்தால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், எல்லாமே ஒரே சிவப்பு, கொய்யா மட்டும் கறுப்பு. எங்கே தப்பு? நம்ம ஊர்க் காய்களை வைத்தே செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உப்பை எப்போது போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காலையிலேயே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நறுக்கிய காயில் உப்புப் பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியே வரும். பீட்ரூட்டின் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது, அந்த நீரோடு சேர்ந்து மற்ற எல்லாவற்றிலும் ஏறிவிடும். ஆக, தண்ணீர் விட்டதற்கும் சிவந்துபோனதற்கும் காரணம் ஒன்றுதான்.

கேல் உறைபனியைத் தாங்கி நிற்கிற கீரை. பனி கொட்டும் நாடுகளில் அதைப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. மதுரைச் சந்தையில் மார்கழி, தையில் பச்சை மொச்சை, மாங்காய் இஞ்சி, நெல்லிக்காய், கொடைக்கானல் கேரட், ஆயக்குடிக் கொய்யா என்று கிடைக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டாம். நம் கோசுமல்லியைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே விருந்துக்கு ஆயிற்று.

12 பேருக்கு: கேரட் அரை கிலோ, பீட்ரூட் கால் கிலோ, வெள்ளரிக்காய் 2, உரித்த பச்சை மொச்சை 200 கிராம், பாசிப்பருப்பு 150 கிராம், மாதுளை 2, செங்காயான கொய்யா 3, மாங்காய் இஞ்சி 50 கிராம், நெல்லிக்காய் 3, எலுமிச்சம்பழம் 2, தேங்காய் அரை மூடி, பச்சை மிளகாய் 3, ஒரு கைப்பிடி மல்லித்தழை.

பீட்ரூட்டைத் தோலோடு, காம்பு ஒரு அங்குலம் விட்டு, வாலை வெட்டாமல் முழுசாகக் குக்கரில் வையுங்கள். நடுத்தர அளவென்றால் மூன்று விசில். வெட்டுவாய் இல்லாததால் சாயம் வெளியேறுவது குறைவு. ஆறியதும் தோலைக் கையாலேயே உருவிவிடலாம். சின்னச் சதுரமாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இதைச் சாலட்டோடு கலக்கவே கூடாது. பரிமாறும் தட்டில் மேலே தூவுவதோடு சரி.

மொச்சையை உப்புப் போட்டு, நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வேகவைத்து வடித்துவிடுங்கள். அரைவேக்காடாக இருந்தால் வயிற்றைப் புரட்டும். பாசிப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும், நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும். ராத்திரியே ஊறப்போட்டால் கொழகொழத்துப் போகும். வடிதட்டில் கால் மணி நேரம் வடியட்டும். மாசமாக இருப்பவர்களும் சின்னக் குழந்தைகளும் பந்தியில் இருந்தால் பருப்பைப் பச்சையாகப் போடாமல், குழையாமல் வேகவைத்துச் சேருங்கள்.

கேரட்டைத் துருவ வேண்டாம், தீக்குச்சி மாதிரி நறுக்குங்கள். துருவும்போது காய் நசுங்கிச் சாறு விடும். உடனே சாப்பிடுகிற கோசுமல்லிக்கு அது சரி, ஒரு மணி நேரம் தாங்க வேண்டிய பந்திக்குச் சரிவராது. வெள்ளரியைக் காம்புப் பக்கம் வெட்டி முதலில் ருசி பாருங்கள், கசந்தால் அந்தக் காயே வேண்டாம். நல்லதை நீளவாக்கில் பிளந்து, விதையை ஸ்பூனால் வழித்தெடுத்து நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் பிழிந்துவிடுங்கள். இந்த ஒரு காய்க்கு மட்டும் உப்பு முன்கூட்டியே. கொய்யாவைக் கடைசியில் நறுக்கி, கத்தி பட்ட கையோடு எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் சீக்கிரம் கறுக்காது.

இலை போடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் கலக்க வேண்டும். கேரட், வெள்ளரி, பருப்பு, மொச்சை, பொடியாக நறுக்கிய மாங்காய் இஞ்சி, துருவிய நெல்லிக்காய், மிளகாய், தேங்காய்த் துருவல். மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, ஆறவிட்டுக் கொட்டுங்கள். ‘டயட்’ என்று இந்த எண்ணெயை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. கேரட்டில் இருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், அதனால் விட்டுவிடாதீர்கள். பிறகு மீதி எலுமிச்சைச் சாறு, மல்லி, கொய்யா, மாதுளை. உப்பு எல்லாவற்றுக்கும் கடைசி: தலைதட்டி இரண்டு டீஸ்பூன். ரத்த அழுத்தக்காரர்களுக்குப் பாதியாகக் குறைத்து நெல்லிக்காயைக் கூட்டுங்கள். புளிப்பு ஏறினால் உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது.

வெங்காயம் சேர்க்கச் சொல்லவில்லை. கறிச்சோறு போடும் நாளில் எலுமிச்சை பிழிந்த வெங்காயம் எப்படியும் இலையில் இருக்கும், இரண்டு இடத்தில் எதற்கு?

மார்கழிக் குளிரை நம்பி வெளியே வைத்திருக்காதீர்கள். மதுரைப் பக்கம் மதிய வெயில் 30 டிகிரிக்குப் பக்கம் போகும். கலந்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். இரண்டு பந்தி என்றால் பாதியை உப்பு, எலுமிச்சை இல்லாமல் ஃபிரிட்ஜில் மூடி வைத்து, இரண்டாம் பந்திக்குத் தனியாகக் கலக்குங்கள். அந்தப் பாதி மிஞ்சினால் கெட்டித் தயிர் விட்டு ராத்திரிக்குப் பச்சடி.